பேர் பத்து, எஞ்சின் மூணு



போன எபிசோட்ல ஏஐ பிரவுசர்கள் பத்திப் பேசினோம். பெர்ப்ளெக்ஸிட்டியோட காமெட், ஓப்பன்ஏஐயோட அட்லஸ், தி பிரவுசர் கம்பெனியோட டியா. மூணும் 2025-ல ஒண்ணு பின்னால ஒண்ணா வந்துச்சு. "பிரவுசர் போர் திரும்ப ஆரம்பிச்சாச்சு"ன்னு டெக் செய்தித் தளங்கள் குதூகலமா எழுதுச்சு. நேரம் பத்தாம எபிசோட்ல விட்டுப்போன ஒரு விஷயம் இருக்கு. அதுதான் இந்த வாரக் கடிதம்.

அந்த மூணு பிரவுசரும் உள்ளுக்குள்ள ஒண்ணுதான். மூணுமே குரோமியம் மேல கட்டினது, அதாவது கூகுள் குரோமோட ஓப்பன் சோர்ஸ் அடித்தளம். எட்ஜ், ஓபெரா, பிரேவ், விவால்டி, சாம்சங் இன்டர்நெட் எல்லாமே அப்படித்தான். தெருவுல பத்து ஓட்டல், பத்துக்கும் வேற வேற போர்டு, ஆனா பின்பக்கம் போய்ப் பார்த்தா ஒரே அடுப்படி. சட்னி மட்டும் ஆளுக்கொரு ருசி.

பிரவுசர் எஞ்சின்னா என்னன்னு ஒரு வரியில சொல்லிடறேன். சர்வர் அனுப்பற எழுத்துக் குவியலை வாங்கி, எந்தப் பெட்டி எங்க, எவ்வளவு அகலம், எந்த எழுத்து எந்த வடிவத்துலன்னு கணக்குப் போட்டு, திரையில வரையற பகுதி. டேப், புக்மார்க், புதுசா வந்திருக்கிற ஏஐ சைட்பார் எல்லாம் அதுக்கு மேல மாட்டின சட்டை. இன்னிக்குப் பெரிய அளவுல புழக்கத்துல இருக்கிற எஞ்சின் மூணுதான்: கூகுள் முன்னின்று நடத்தற பிளிங்க், ஆப்பிளோட வெப்கிட், மொசில்லாவோட கெக்கோ. அதுலயும் பிளிங்க் 2013-ல வெப்கிட்ல இருந்து பிரிஞ்சு போனது. ரத்த உறவு பார்த்தா ரெண்டே குடும்பம்.

இந்தக் குடும்பக் கதையை உங்க பிரவுசரே தினமும் சொல்லிக்கிட்டு இருக்கு. ஒவ்வொரு பக்கத்தைக் கேட்கும்போதும் "நான் யார்"னு சர்வருக்கு ஒரு வரி அனுப்புது. அதுக்கு யூசர் ஏஜென்ட்னு பேர். குரோம் அனுப்பற வரியைத் தமிழ்ல எழுதினா இப்படி இருக்கும்: முதல்ல மொசில்லா/5.0. அப்புறம் உங்க ஆபரேட்டிங் சிஸ்டம். அடுத்து ஆப்பிள்வெப்கிட்/537.36, பக்கத்துலயே அடைப்புக்குறிக்குள்ள "கேஹெச்டிஎம்எல், கெக்கோ மாதிரி". அதுக்கப்புறம்தான் குரோம். கடைசியில சஃபாரி/537.36.

ஒரு பிரவுசருக்கு எதுக்கு இத்தனை பேர்? எல்லாம் பொய் சொல்லிப் பழகின பரம்பரை. மொசில்லாங்கிறது தொண்ணூறுகள்ல நெட்ஸ்கேப் நேவிகேட்டரோட உள்வீட்டுப் பேர். நெட்ஸ்கேப்ல மட்டும் ஃபிரேம்ஸ்னு ஒரு வசதி இருந்ததால, நிறைய தளங்கள் "மொசில்லா"ன்னு சொன்னாத்தான் நல்ல பக்கத்தைக் கொடுத்துச்சு. 1995-ல வந்த மைக்ரோசாஃப்ட்டோட இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர், அதுக்காக "நானும் மொசில்லாதான்"னு வேஷம் போட்டுச்சு. லினக்ஸ் உலகத்துல கேடிஇ தன்னார்வலர்கள் எழுதின கேஹெச்டிஎம்எல் எஞ்சின் "நான் கெக்கோ மாதிரி"ன்னு சொல்லிக்கிச்சு. 2003-ல ஆப்பிள் அந்த கேஹெச்டிஎம்எல்லை எடுத்துத்தான் சஃபாரியைச் செஞ்சாங்க. 2008-ல குரோம் வந்தப்போ, சஃபாரிக்குக் கிடைக்கிற பக்கம் தனக்கும் கிடைக்கணும்னு அந்த முழு வரியையும் காப்பியடிச்சுச்சு. முப்பது வருஷப் போட்டி அந்த ஒரு வரியில படிமமா உட்கார்ந்திருக்கு.

சரி, போட்டி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? இதுக்கு வெப்ல நல்ல பரிசோதனை ஏற்கெனவே நடந்து முடிஞ்சிருக்கு.

ஐஇ6 வந்தது 2001 ஆகஸ்ட். அப்போ நெட்ஸ்கேப் கிட்டத்தட்ட படுத்தாச்சு. கொஞ்ச நாள்லயே உலகத்துல பத்துல ஒன்பது பேருக்கு மேல ஐஇதான். அடுத்த பதிப்பான ஐஇ7 வந்தது 2006 அக்டோபர். நடுவுல அஞ்சு வருஷம்! இப்போ சில வாரத்துக்கு ஒரு குரோம் பதிப்பு வருது; அந்த வேகத்துல யோசிச்சுப் பாருங்க. ஓபெராவும் மொசில்லாவும் டேப் கொடுத்து வருஷமாகியும் ஐஇ6-ல டேப் கிடையாது. பின்னணி தெரியற மாதிரி ஒரு பிஎன்ஜி படம் போட்டா, அந்த இடம் சாம்பல் திட்டாத் தெரியும். ஜெயிச்சாச்சு, இனி யாரைத் துரத்தறதுக்கு ஓடணும்?

இதுல ஒரு வேடிக்கை. ஐஇ டீம் திறமை இல்லாதவங்க இல்ல. பக்கத்தை மறுபடி லோட் பண்ணாம சர்வர்கிட்ட இருந்து தகவல் வாங்கற எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபி ரிக்வெஸ்ட், மைக்ரோசாஃப்ட்ல பிறந்தது. அவுட்லுக்கை வெப்ல ஓட்டறதுக்காகச் செஞ்சு 1999-லயே ஐஇ5-ல சேர்த்துட்டாங்க. கையில தங்கக் கட்டியை வெச்சுக்கிட்டு அதைக் கதவுக்கு முட்டுக் கொடுத்த மாதிரி விட்டுட்டாங்க. அதை வெச்சு 2004-ல ஜிமெயிலும் 2005-ல கூகுள் மேப்ஸும் செஞ்சு காட்டினது கூகுள். போட்டி இருந்த வரைக்கும் கண்டுபிடிச்சாங்க. போட்டி போனதும் கண்டுபிடிச்சதைக்கூடப் பயன்படுத்தலை.

தேக்கத்தோட செலவு அந்த அஞ்சு வருஷத்தோட முடியலை. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு வாடிக்கையாளர் இருந்தாங்க, பேர் வேண்டாம். ஊழியர்கள் லீவுக்கு விண்ணப்பிக்கற பக்கம் பழைய ஐஇயில மட்டும்தான் திறக்கும். உள்ள ஆக்டிவ்எக்ஸ். அந்த ஒரு பக்கத்துக்காக ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்ல பிரவுசரைப் புதுப்பிக்காமயே வெச்சிருந்தாங்க. ஐஇ6 வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆகியும் அதுக்கு ஒட்டுப் போட்டே என் மாசச் சம்பளத்துல பாதி வந்துச்சு. தென்கொரியாவுல நாட்டுக்கே அந்த நிலைமை: ஆன்லைன் பேங்கிங்குக்கு ஆக்டிவ்எக்ஸ் வேணும்னு ஆகி, வருஷக்கணக்கா ஐஇயை விட முடியலை.

தேக்கத்தை உடைச்சது 2004 நவம்பர்ல வந்த ஃபயர்ஃபாக்ஸ். நெட்ஸ்கேப் தோற்கற நேரத்துல, 1998-ல, தன்னோட சோர்ஸ் கோடை வெளியில கொடுத்துச்சே, அதுல முளைச்சது. ஆனா நிஜமான பாய்ச்சல்னு என்னைக் கேட்டா 2008-ஐத்தான் சொல்லுவேன். ஜூன்ல வெப்கிட் ஆளுங்க ஸ்குவிரல்ஃபிஷ்னு புது ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினை அறிவிச்சாங்க. ஆகஸ்ட்ல மொசில்லா டிரேஸ்மங்கி. செப்டம்பர் 2-ம் தேதி குரோம், கூடவே வி8. டென்மார்க்கோட ஆர்ஹூஸ் நகரத்துல லார்ஸ் பாக் தலைமையில எழுதினது. ஜாவாஸ்கிரிப்ட்டை வரி வரியா வாசிச்சு ஓட்டாம, ஓடும்போதே மெஷின் கோடா மாத்தறதுதான் டிரேஸ்மங்கி, வி8 ரெண்டோட உத்தி. பத்து நாள்ல எழுதின பொம்மை மொழின்னு கேலி பண்ணப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட், சில வருஷத்துல சீரியஸான மொழி ஆயிடுச்சு. அடுத்த வருஷமே வி8-ஐத் தனியாக் கழட்டி சர்வர்ல ஓடவிட்டு நோட்.ஜேஎஸ் வந்துச்சு. இன்னிக்கு உங்கள்ல பாதிப் பேருக்குச் சோறு போடறது அதுதான்.

(குரோம் திட்டத்தை முன்னால நின்னு நடத்தினவர் மதுரையில பிறந்து சென்னையில வளர்ந்த சுந்தர் பிச்சை. மாமா, சித்தப்பா எல்லாரும் கல்யாண வீட்டுல சொல்ற கதைதான், தெரியும். ஆனா அவங்க சொல்லாத பாதி இது: கூகுள்ல அவர் முன்னாடி பார்த்தது கூகுள் டூல்பார். அந்த டூல்பார் ஐஇ மேல ஒட்டிக்கிட்டு வாழ்ந்த ஜீவன். அடுத்தவன் பிரவுசரை நம்பிப் பிழைக்கறது எவ்வளவு ஆபத்துன்னு அங்க இருந்தவங்களுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கும்.)

போட்டின்னா ஒருத்தரை ஒருத்தர் முந்தறது மட்டும் இல்ல, மறுக்கறதும் அதுல சேர்த்திதான். சி++ மாதிரி மொழியில எழுதின நிரலை பிரவுசர்ல ஓட்டணும்னு கூகுள் நேட்டிவ் கிளையன்ட்னு ஒண்ணு செஞ்சுது. மொசில்லா அதைச் சேர்க்க மாட்டேன்னுடுச்சு. சும்மா மறுக்கலை. 2013-ல ஆஸ்ம்.ஜேஎஸ்னு மாற்று ஒண்ணைக் காட்டுச்சு: ஜாவாஸ்கிரிப்ட்டோட ஒரு சின்னப் பகுதி, எந்த பிரவுசர்லயும் ஓடும், கெக்கோவுல வேகமா ஓடும். ரெண்டு பக்கமும் இழுபறி. கடைசியில 2015-ல கூகுள், மொசில்லா, மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் நாலு எஞ்சின்காரங்களும் உட்கார்ந்து வெப்அசெம்பிளின்னு ஒண்ணை ஒத்துக்கிட்டாங்க. 2017-க்குள்ள நாலு பிரவுசர்லயும் வந்தாச்சு. ஃபிக்மா அந்த வருஷமே அதுக்கு மாறி, லோட் ஆகற நேரத்தை மூணுல ஒரு பங்காக் குறைச்சுது. மொசில்லாங்கிற ஒருத்தர் "முடியாது"ன்னு சொல்ற நிலைமையில அன்னிக்கு இல்லைன்னா, நேட்டிவ் கிளையன்ட்டே வெப்போட விதி ஆகியிருக்கும்.

இப்போ நம்ம வீட்டுக் கதைக்கு வரேன். தமிழ் எழுத்தும் இந்தப் போர்ல மாட்டி நசுங்கி எழுந்த ஒண்ணுதான்.

யூனிகோட் பரவாத தொண்ணூறுகள்ல ஒவ்வொரு தமிழ்த் தளமும் தனக்குன்னு ஒரு ஃபாண்ட் வெச்சிருந்துச்சு. அதை இறக்கி கம்ப்யூட்டர்ல போடலைன்னா பக்கம் முழுக்க அர்த்தமில்லாத ஆங்கிலக் கிறுக்கல். அந்தத் தொல்லைக்குத் தீர்வுன்னு 1997 வாக்குல டைனமிக் ஃபாண்ட் வந்துச்சு: பக்கத்தோட ஃபாண்ட்டும் கூடவே வந்துடும். அருமை. ஆனா நெட்ஸ்கேப்போட ஃபார்மேட் பிஎஃப்ஆர், மைக்ரோசாஃப்ட்டோடது ஈஓடி. இது அதுல திறக்காது, அது இதுல திறக்காது. அதனால ஒரே எழுத்துருவை ரெண்டு விதமாச் செஞ்சு சர்வர்ல வெக்கணும். போட்டியோட கெட்ட முகமும் இதுதான், மறைக்க வேண்டியதில்லை. எல்லா பிரவுசரும் ஒத்துக்கிட்ட வெப் ஃபாண்ட் ஃபார்மேட்டான வோஃப், டபிள்யூ3சி பரிந்துரையா ஆனது 2012-ல.

ஃபாண்ட் இருந்தாலும் போதாது. "கெ"ங்கிற எழுத்தை எடுத்துக்கோங்க. யூனிகோட்ல முதல்ல க, அப்புறம் ஒற்றைக்கொம்பு. ஆனா திரையில கொம்பு முன்னால வரணும். "கொ"ன்னா இன்னும் சிக்கல்: ஒரே குறியீடு ரெண்டாப் பிளந்து, கொம்பு இடது பக்கமும் கால் வலது பக்கமும் போய் நிக்கணும். இந்த வேலைக்கு ஷேப்பிங்னு பேர். இது தெரியாத எஞ்சின், கொம்பைக் கொண்டுபோய் எழுத்துக்குப் பின்னால ஒட்டிடும். இல்லாட்டி புள்ளி வட்டத்தோட அந்தரத்துல தொங்க விட்டுடும். ஆரம்பகால ஆண்ட்ராய்டு ஃபோன் வெச்சிருந்தவங்க வீட்டுல கேட்டுப் பாருங்க. தமிழ்ல ஒரு மெசேஜ் வந்தா வெறும் கட்டம் கட்டமாத்தான் தெரியும்.

நான் காலேஜ் படிக்கிறப்போ ஹாஸ்டல்ல எல்லார் கையிலயும் நோக்கியா. அதுல தமிழ் ஃபாண்ட்டும் கிடையாது, ஷேப்பிங்கும் கிடையாது. ஆனா ஓபெரா மினின்னு நார்வே கம்பெனியோட பிரவுசர் ஒண்ணு இருந்துச்சு. அதோட எஞ்சின் ஃபோன்ல ஓடாது, ஓபெராவோட சர்வர்ல ஓடும். பக்கத்தை அங்கயே வரைஞ்சு, சுருக்கி, ஃபோனுக்கு அனுப்பும். அட்ரஸ் பார்ல "ஓபெரா:கான்ஃபிக்"னு தட்டினா ஒரு ரகசிய செட்டிங்ஸ் பக்கம் வரும். அங்க, சிக்கலான எழுத்துகளுக்கு பிட்மேப் ஃபாண்ட் பயன்படுத்தவான்னு ஒரு கேள்வி இருக்கும். "யெஸ்" போட்டா, தமிழ் எழுத்தெல்லாம் சர்வர்ல படமா மாறி ஃபோனுக்கு வரும். அவ்வளவுதான், ரெண்டு விரல் அகலத் திரையில தமிழ் பிளாக் எல்லாம் படிக்கலாம்! இந்த வித்தையை அந்தக் காலத்து தமிழ் பிளாக்கர்கள் எத்தனை பேர் பதிவாப் போட்டிருப்பாங்கன்னு கணக்கே இல்லை. தமிழை உத்தேசிச்சு மட்டும் செஞ்ச வசதி இல்ல அது. சின்ன ஃபோன்ல பெரிய கம்பெனிகளை முந்தணும்னு தனி எஞ்சின் வெச்சிருந்த ஒரு சின்ன கம்பெனி யோசிச்ச குறுக்கு வழி. அதனால நமக்குக் கிடைச்சது.

அந்த ஓபெராவோட பிரெஸ்டோ எஞ்சின் இன்னிக்கு இல்லை. 2013 பிப்ரவரியில கைவிட்டுட்டாங்க. 2018 டிசம்பர்ல மைக்ரோசாஃப்ட்டும் தன்னோட எட்ஜ்ஹெச்டிஎம்எல்லை விட்டுட்டு குரோமியத்துக்கு மாறறதா அறிவிச்சுது. உலகத்துலயே பெரிய சாஃப்ட்வேர் கம்பெனிகள்ல ஒண்ணு, தனியா எஞ்சின் வெச்சுக்க முடியலைன்னு கையைத் தூக்குது. காரணம் எளிசு: தளங்களைக் கட்டறவங்க குரோம்ல மட்டும் சோதிக்கறாங்க, மத்ததுல உடைஞ்சா பிரவுசர் மேல பழி. மொசில்லா/5.0 காலத்துக் கதையேதான், ஆள் மட்டும் மாறியிருக்கு.

"எல்லாரும் ஒரே எஞ்சின் பயன்படுத்தினா நல்லதுதானே, ஒரு தடவை எழுதினா போதும்"னு கூட வேலை செய்யற பசங்க கேட்பாங்க. நியாயமான கேள்வி. தமிழ் ஷேப்பிங்கையே உதாரணமாச் சொல்லலாம்: இன்னிக்கு குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு மூணுக்கும் ஹார்ஃப்பஸ்னு ஒரே லைப்ரரிதான் அந்த வேலையைப் பார்க்குது. பெஹ்தாத் இஸ்ஃபஹ்போதுங்கிற ஈரானிய புரோகிராமர் முன்னெடுத்தது. பேரே ஓப்பன் டைப்புக்கு அவர் வெச்ச பாரசீக மொழிபெயர்ப்பு. ஒரு இடத்துல கொம்பு சரியானா எல்லா இடத்துலயும் சரியாகும். இதை நான் முழு மனசா வரவேற்கறேன். ஆனா ஹார்ஃப்பஸ் "கொ"வை எப்படி வரையணும்னுதான் முடிவு பண்ணுது. உங்களைப் பத்தின தகவல் யாருக்குப் போகணும், எந்த விளம்பரத்தைத் தடுக்கலாம்னு முடிவு பண்றதில்லை. பிரவுசர் எஞ்சினை வெச்சிருக்கிறவங்க அதையும் முடிவு பண்றாங்க.

ரெண்டு உதாரணம். தளம் தளமா உங்களைப் பின்தொடர்ற மூன்றாம் தரப்பு குக்கீயை, சஃபாரி 2017-ல இருந்து கட்டுப்படுத்த ஆரம்பிச்சு 2020-ல முழுசா அடைச்சுது. ஃபயர்ஃபாக்ஸ் 2019-லயே டிராக்கர்களோட குக்கீயைத் தானாத் தடுக்க ஆரம்பிச்சுது. ரெண்டு வருஷத்துல நாங்களும்னு கூகுள் 2020 ஜனவரியில சொன்னாங்க. தள்ளிப் போட்டாங்க, மறுபடி தள்ளிப் போட்டாங்க, 2024-ல அந்தத் திட்டத்தையே விட்டுட்டாங்க. இன்னொண்ணு எக்ஸ்டென்ஷன்களுக்கான மேனிஃபெஸ்ட் வி3 விதி. அது வந்த பிறகு பழைய யூபிளாக் ஆரிஜின் குரோம்ல ஓடாது, மெலிஞ்ச லைட் பதிப்புதான் ஓடும். பாதுகாப்பும் வேகமும்தான் காரணம்னு கூகுள் சொல்றாங்க, அதுல உண்மையும் இருக்கு. ஆனா விளம்பரத்துல சம்பாதிக்கிற கம்பெனி விளம்பரத் தடுப்பானுக்கு விதி எழுதறப்போ, பக்கத்துல இன்னொரு எஞ்சின் இருக்கணும்னு நான் நினைக்கறேன். ஃபயர்ஃபாக்ஸ்ல அது இன்னும் முழுசா ஓடுது.

அந்த ஃபயர்ஃபாக்ஸ் எதுல உயிர் வாழுது? மொசில்லாவோட வருமானத்துல பெரும்பகுதி கூகுளைத் தேடல் எஞ்சினா வெக்கறதுக்கு கூகுளே கொடுக்கற பணம். சஃபாரிக்காக ஆப்பிளுக்கு 2022-ல மட்டும் 2,000 கோடி டாலர் போயிருக்குன்னு அமெரிக்க வழக்குல வெளிவந்துச்சு. அதே வழக்குல 2025 செப்டம்பர்ல நீதிபதி அமித் மேத்தா, குரோமை விற்க வேண்டியதில்லை, தேடலுக்குப் பணம் கொடுக்கறதையும் முழுசா நிறுத்த வேண்டியதில்லைன்னு சொன்னார். மொசில்லா பெருமூச்சு விட்டிருக்கும். போட்டியாளர் கொடுக்கற காசுல நடக்கிற போட்டி. கேட்க விநோதமா இருந்தாலும் இன்னிக்கு இருக்கிறது இதுதான்.

ஐஃபோன் கதையும் இதுக்குச் சளைச்சதில்ல. அதுல குரோம் போட்டாலும் ஃபயர்ஃபாக்ஸ் போட்டாலும் உள்ள வெப்கிட்தான், ஆப்பிளோட விதி அப்படி. 2024 மார்ச்ல ஐரோப்பிய ஒன்றியத்துல சட்டத்தால அந்த விதியைத் தளர்த்தினாங்க. சங்கடம் என்னன்னா, குரோமியத்துக்கு எதிரா இன்னிக்கு நிக்கிற பெரிய சுவரும் அந்த ஐஃபோன் விதிதான். அதை உடைச்சா ஐஃபோன் ஆளுங்களுக்குச் சுதந்திரம், எஞ்சின் எண்ணிக்கைக்கு ஆபத்து. எந்தப் பக்கம்னு கேட்டா நான் சுதந்திரத்து பக்கம்தான், ஆனா கொஞ்சம் வயித்துல புளி கரையுது.

நல்ல செய்தியும் இருக்கு. மூணு எஞ்சின்காரங்களும் வருஷாவருஷம் இன்டராப்னு ஒரு பட்டியல் போட்டு, எந்தெந்த வசதி எல்லாத்துலயும் ஒரே மாதிரி வேலை செய்யணும்னு பேசி, மதிப்பெண்ணை வெளியில போடறாங்க. முன்னாடி இருந்த எழுத்துரு சண்டையோட ஒப்பிட்டா இது வேற உலகம். சிஎஸ்எஸ் கிரிட் 2017 மார்ச்ல, ஒரே மாசத்துக்குள்ள ஃபயர்ஃபாக்ஸ், குரோம், சஃபாரி மூணுலயும் வந்துச்சு. அதோட முதல் வடிவத்தை முன்வெச்சது யார் தெரியுமா? ஐஇ10 காலத்து மைக்ரோசாஃப்ட். எஞ்சின் செத்தாலும் யோசனை தங்கிடுச்சு.

புதுசா எஞ்சின் எழுதறவங்களும் இருக்காங்க. மொசில்லாவுல ரஸ்ட் மொழியில ஆரம்பிச்ச சர்வோ, 2020-ல ஆட்குறைப்புல அநாதையாகி, இப்போ இகாலியாங்கிற ஸ்பெயின் கூட்டுறவு நிறுவனத்தோட ஆளுங்க கையில உயிரோட இருக்கு. ஆண்ட்ரியாஸ் கிளிங் ஆரம்பிச்ச லேடிபேர்ட், யாரோட எஞ்சினையும் எடுக்காம முதல் வரியில இருந்து எழுதறாங்க. 2026-ல முதல் ஆல்ஃபான்னு இலக்கு. நம்ம "கொ"வை வரையறதுக்கு மட்டும் அவங்களும் ஹார்ஃப்பஸைத்தான் எடுத்துக்கிட்டாங்க.

வெப்ல வேலை பார்க்கறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமை டெப்லாய் பண்றதுக்கு முன்னால ஃபயர்ஃபாக்ஸ்ல ஒரு தடவை திறந்து பாருங்க, பத்து நிமிஷம் போதும். உங்க பேங்கோ ஸ்கூலோ ஆபீஸோ "தயவுசெய்து குரோம்ல திறக்கவும்"னு போர்டு மாட்டியிருந்தா, பேரை மறைச்சுட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க. வர்றதுல நல்லதா அஞ்சை எடுத்து அடுத்த எபிசோட்ல வாசிக்கறோம்.